கனமா இருந்தா நல்ல கத்தியா? மடக்குக் கத்தியும் பிச்சாத்தியும் பாத்து வாங்குறது எப்படி

போன மாசம் எனக்க அத்தான் ஆன்லைன்ல ஒரு மடக்குக் கத்தி வாங்கிட்டு வந்து கையில தந்து, "மக்கா, புடிச்சுப் பாரு, வெயிட்டு எப்படி இருக்குன்னு"ன்னாரு. புடிச்சா உண்மையிலயே கனம்தான். மாவு நிறுக்கிற சமையக்கட்டுத் தராசுல வச்சேன், 236 கிராம். அவருக்கு ஒரே பெருமை. ஒரு வாரம் சட்டைப் பையில போட்டு நடந்தாரு, பை ஒரு பக்கமா இழுத்துத் தொங்குச்சு, சாரத்து மடியில சொருகுனா சாரமே இறங்குது, இப்போ அது அலமாரியில துணிக்கு அடியில கிடக்கு. கயிறு அறுக்கவும் மாங்கா சீவவும் மனுசன் இன்னும் அக்கா மீனும் காயும் அரியிற பழைய பிச்சாத்தியத்தான் தேடுறாரு.

கத்தி வாங்குறதுல நம்மாளுங்க பண்ற தப்பு முக்காவாசி இதுதான், கனமா இருந்தா உறுதின்னும் தடியா இருந்தா தரம்னும் நினைச்சுக்கிறது. எனக்கும் அந்தக் கிறுக்கு இருந்துச்சு, காசையும் விட்டுருக்கேன், அந்தக் கதை கீழ வருது.

எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல களியக்காவிளைக்கும் குலசேகரத்துக்கும் நடுவுல, ரப்பரும் மரச்சீனியும் (மரவள்ளி) சக்கையுமா (பலா) உள்ள இடம், ரோட்டைத் தாண்டுனா கேரளா. இங்க எந்த வீட்டுக்குப் போனாலும் மூணு கத்தியாவது இருக்கும். ஓலையும் விறகும் வெட்ட வெட்டுக்கத்தி, மீனும் காயும் அரிய பிச்சாத்தி, ரப்பர் உள்ள வீடுன்னா பால்வெட்டுக் கத்தி. (குடகுல இடுப்புல சொருகுற சின்னக் கத்திக்கு பீச்சங்கத்தின்னு பேரு, நம்ம பிச்சாத்திக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் மாதிரி இருக்குல்லா.) இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே பாதி விஷயம் புரிஞ்சிரும். வெட்டுக்கத்தி முன்னால கனம், பிச்சாத்தி காயிதம் மாதிரி மெலிசு, பால்வெட்டுக் கத்தி நுனியில மட்டும் மடிஞ்சு கூரா இருக்கும், பட்டையில ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவல் எடுக்கணும், கொஞ்சம் ஆழம் போனா மரத்துல காயம் விழுந்து அந்த இடத்துல பட்டை முண்டும் முடிச்சுமா வளரும். ஒரு ஆளு காலையில 300, 400 மரத்துல பால் வெட்டணும், அவரு கையில கால் கிலோ கத்தியக் குடுத்துப் பாருங்க, என்ன சொல்லுவாருன்னு.

அதனால முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, இத வச்சு நான் எதை அறுக்கப் போறேன். பார்சல் பிரிக்க, பழம் சீவ, கயிறு அறுக்கன்னா அலகு 6 லேருந்து 8 சென்டிமீட்டர் தாராளம். தோட்டத்துக்குப் போறவனுக்கும் மலையேறப் போறவனுக்கும் மடங்காத கத்தி, அலகு 10 சென்டிமீட்டர் கிட்ட. அதுக்கு மேல நீளம் வேணும்னா நீங்க கேக்குறது வெட்டுக்கத்திதான், அத ஆன்லைன்ல தேடாதீங்க, பக்கத்துல உள்ள கொல்லப் பட்டறைக்குப் போங்க.

கனத்துக்கு ஒரு அளவுகோல் வேணும்னா சொல்றேன். பிரான்ஸ்ல 1890லேருந்து வர்ற ஓப்பினெல் மடக்குக் கத்தியில 8ஆம் நம்பர், அலகு எட்டரை சென்டிமீட்டர், பீச் மரப் பிடி, மொத்தமே 50 கிராமுக்குக் கீழ. விக்டோரினாக்ஸ்ல ரெண்டு அலகு, கார்க் திருகி, டப்பா திறக்குற நாக்கு எல்லாம் உள்ள 91 மில்லி நீள சாதா மாடல் 60 கிராம் வாக்குல வரும். அமெரிக்காவுல 1964லேருந்து செய்யிற பக் 110, பித்தளையும் மரமுமா பாக்க ராசா மாதிரி இருக்கும், ஆனா 200 கிராமத் தாண்டிரும், அது இடுப்புல உறை மாட்டி அதுல வைக்கிறதுக்குள்ள கத்தி, பைக்குள்ள போடுறதுக்கு இல்ல. எனக்க கணக்கு, சட்டைப் பைன்னா 70 கிராம், பேண்ட் பைன்னா 110, அதுக்கு மேல போனா நாலாம் நாள் வீட்டுல வச்சிட்டுத்தான் போவீங்க.

மடங்காத கத்தியில மொத்தக் கனத்தவிட கனம் எங்க நிக்குதுங்கிறதுதான் காரியம். ஆள்காட்டி விரல நீட்டி, பிடியும் அலகும் சேர்ற இடத்துல கத்தியப் படுக்க வைங்க. அங்கயே தராசு மாதிரி நின்னா அரியவும் சீவவும் நல்ல கத்தி, மணிக்கட்டு வலிக்காது. முன்னால சாஞ்சா வெட்டுறதுக்கு, கத்தியே பாதி வேலையச் செய்யும். பிடிப் பக்கமாச் சாஞ்சா பரவாயில்ல, ஆனா ரொம்பச் சாயுதுன்னா பிடிக்குள்ள சும்மா இரும்ப நிரப்பிருக்கான், காசு அதுக்குப் போயிருக்கு. ஸ்வீடன்ல மோரான்னு ஒரு ஊரு, அங்க செய்யிற கம்பானியன்னு ஒரு கத்தி உறையோட சேத்தே 120 கிராம் வாக்குலதான், அலகு ரெண்டரை மில்லி கனம், பிளாஸ்டிக் பிடி, பாத்தா ஒரு மதிப்பே வராது, எனக்குத் தெரிஞ்சு தோட்ட வேலைக்கு அதத் தோக்கடிக்கிற கத்தி கொஞ்சம்தான்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். கத்திய முதுகுப் பக்கம் பாத்து 5 மில்லி இருக்கு 6 மில்லி இருக்குன்னு விளம்பரம் போடுவான், அறுக்குறது முதுகு இல்ல மக்கா, வாய். வாய்க்குச் சரியா மேல, கூர் ஆரம்பிக்குற இடத்துல எவ்வளவு கனம்னு பாக்கணும். அங்க அரை மில்லி கிட்ட இருந்தா வழுக்கிட்டு இறங்கும், ஒரு மில்லியத் தாண்டுச்சுன்னா எவ்வளவு தீட்டுனாலும் அது உளிதான். வெர்னியர் காலிப்பர் எல்லாம் வேண்டாம், ஒரு மரச்சீனிக் கிழங்கு போதும். தோலு உரிச்ச பச்சைக் கிழங்க பலகையில வச்சு ஒரு விரல் கனத்துக்குத் துண்டு போடுங்க. மெலிசுக் கத்தின்னா சரக்குனு ஒரே சத்தத்துல இறங்கும், வெட்டுன முகம் ஈரமா வழவழன்னு இருக்கும். தடிக்கத்தி பாதி வரைக்கும் போகும், அப்புறம் கிழங்கு தானா பட்டுனு பொளந்து துண்டு அந்தப் பக்கம் தெறிக்கும், முகத்துல பாத்தா மேல பாதி வழவழப்பு, கீழ பாதி விறகு பொளந்த மாதிரி சொரசொரப்பு. அந்தக் கோடு எங்க விழுதுன்னு பாருங்க, அதுக்குக் கீழ கத்தி அறுக்கல, ஆப்பு மாதிரி கிழிச்சிருக்கு. கேரட்டுலயும் பாக்கலாம் ஆனா கிழங்குல நல்லாத் தெரியும்.

முதுகுலேருந்து வாய்க்கு வர்ற சரிவு எப்படின்னும் பாருங்க. நேரா ஒரே சரிவா வந்தா எல்லா வேலைக்கும் ஆவும். ரெண்டு பக்கமும் உள்வாங்கிக் குழிஞ்சிருந்தா சவரக்கத்தி மாதிரி, தோலு உரிக்க அருமை, கட்டையில போட்டா வாய் உடையும். மேல பட்டையாவே வந்து கீழ மட்டும் சட்டுனு சரிஞ்சா, அதுதான் மோரா டைப், மரம் சீவ நல்லாருக்கும், தீட்டத் தெரியாதவங்களுக்கும் லேசு, அந்தச் சரிவ அப்படியே கல்லுல படுக்க வச்சுத் தேய்ச்சாப் போதும். நம்ம வெட்டுக்கத்திய வருசக்கணக்கா கையால தீட்டித் தீட்டி புளியங்கொட்டை மாதிரி லேசா வயிறு வச்சிருக்கும், அது குறை இல்ல, கட்டை வெட்டுறதுக்கு அதுதான் வேணும். கூர்க்கோணம் ஒரு பக்கத்துக்கு, சமையக்கட்டுக் கத்திக்கு 15 டிகிரி, பையில வைக்கிறதுக்கு 20, வெட்டுறதுக்கு 25ன்னு வச்சுக்கலாம். ஒரு காயித மூலைய ரெண்டு தடவ பாதியா மடிச்சா இருபத்திரண்டரை டிகிரி கிடைக்கும், அதக் கல்லுப் பக்கத்துல நிறுத்தி வச்சு கண்ணளவுக்குப் பாத்துக்கலாம்.

கடையில நிக்கும்போதே செய்யக்கூடியது ரெண்டு. ஒண்ணு, பலகை நேரா இருக்கான்னு ஆசாரி ஒரு கண்ண மூடிட்டுப் பாப்பாருல்லா, அதே மாதிரி பிடிப் பக்கத்துலேருந்து வாய் வழியாப் பாருங்க, முறுக்கம் இருந்தா அப்பவே தெரியும். ரெண்டு, டியூப்லைட்டுக்கு நேரா வாய மேல பாத்து வச்சு லேசா ஆட்டுங்க, கூரான வாய் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, எங்கயாவது வெள்ளையா மின்னுச்சுன்னா அங்க மழுங்கல் இல்ல பல்லு விழுந்திருக்கு. அப்படியே வாய்க்கிட்ட நீலமோ பழுப்போ நிறம் ஏறிருக்கான்னும் பாருங்க, மிஷின்ல வேகமாத் தீட்டி சூடேறி இரும்பு இளகிருச்சுன்னு அர்த்தம். தெருவுல சாணை புடிக்க வர்றவங்க கிட்டயும் இதே கதைதான், தண்ணி தொடாம பொறி பறக்கப் பறக்கத் தீட்டுனாருன்னா கத்தியத் திருப்பி வாங்கிருங்க.

இரும்பு விஷயம். இரும்பு என்ன தினுசுன்னு பெட்டியில என்னென்னமோ எழுதிருப்பான். "சர்ஜிக்கல் ஸ்டீல்"னு எழுதிருந்தா ஒண்ணுமே எழுதலன்னு வச்சுக்கோங்க. வெறும் "440"ன்னு இருந்தா அதுவும் சந்தேகம்தான், 440ஏ, 440பி, 440சின்னு மூணு இருக்கு, சி தான் கார்பன் கூட உள்ளது, அவன் சி போட்டிருந்தா சொல்லாம இருப்பானா. 3சிஆர்13 ரொம்ப மென்மை, சீக்கிரம் மழுங்கும். 8சிஆர்13எம்ஓவி விலை குறைஞ்ச மடக்குக் கத்தியில வர்றது, கொடுத்த காசுக்குக் குறை சொல்ல முடியாது. டி2 நாள்பட கூர் நிக்கும், ஆனா ஸ்டெயின்லெஸ்னு நம்பி ஈரத்துல போடாதீங்க, புள்ளி புள்ளியாத் துரு வரும், தீட்டவும் கொஞ்சம் மல்லுக்கட்டணும். 12சி27ன்னு பாத்தா கண்ண மூடிட்டு வாங்கலாம். டமாஸ்கஸ்னு அலை அலையாக் கோலம் போட்டு குறைஞ்ச விலைக்கு வந்தா அது பெரும்பாலும் மேல அச்சடிச்சது, நாலு தடவ தீட்டுன பிறவு கோலம் ஒரு பக்கம் கத்தி ஒரு பக்கம்.

பட்டறையில அடிக்கிற கத்தி பெரும்பாலும் லாரி ஸ்ப்ரிங் பட்டையில, நல்ல இரும்பு, கார்பன் நூத்துக்கு அரைக்கு மேல இருக்கும். ஆனா எங்க பக்கத்துப் பட்டறை அண்ணாச்சி கிட்ட, எது நல்ல இரும்பு அண்ணாச்சின்னு கேட்டதுக்கு அவரு சிரிச்சிட்டு, "ஒரே பட்டையில ரெண்டு கத்தி அடிச்சா ஒண்ணு எலும்ப வெட்டும், ஒண்ணு வெண்ணெயத்தான் வெட்டும், எல்லாம் முக்கி எடுக்குற அந்த நேரம்தான் மக்கா"ன்னாரு. துவைச்சல்னு சொல்றது அதத்தான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன், உலையில அலகு பழுத்து காந்தம் ஒட்டாத அளவுக்கு வந்ததும் (இரும்பு 770 டிகிரி தாண்டுனா காந்தம் புடிக்காது, அவருக்கு அந்த நம்பரு தேவையில்ல, நிறம் போதும்) எண்ணெய்ல நேரா இறக்குனாரு, குப்புனு புகை, எடுத்து மணல்ல தேய்ச்சு ஒரு பக்கம் வெள்ளையாக்குனாரு. இப்ப கீழ போட்டாக் கண்ணாடி மாதிரி உடையும்னாரு. மறுபடி முதுகுப் பக்கத்த மட்டும் சூட்டுல காட்டுனாரு, வெள்ளையில மெதுவா ஒரு நிறம் நகர்ந்து வந்துச்சு, முதல்ல வெளிறுன மஞ்சள், அப்புறம் வைக்கோல் நிறம், அது வாயத் தொடுற நேரம் சட்டுனு எடுத்து நிறுத்திட்டாரு. இன்னும் ரெண்டு நிமிசம் விட்டா நீலமாயிரும், ஸ்ப்ரிங்குக்கு ஆவும், பிச்சாத்திக்கு ஆவாதுன்னாரு.

அதனால இரும்போட பேர விட இந்த ரெண்டு சோதனைய நம்புங்க, ஆனா வாங்குன பிறவு வீட்டுல, கடையில செஞ்சா சண்டை வரும். அரத்த எடுத்து வாய்க்கிட்ட லேசா ஓட்டுங்க, வழுக்கிட்டுப் போனா நல்ல துவைச்சல், கறகறன்னு கடிச்சுத் தூள் வந்தா மென்மை. அடுத்து ஒரு பித்தளைக் கம்பியில வாய லேசா அழுத்தி இழுங்க, வாய் கொஞ்சம் வளைஞ்சு தானா திரும்பணும், வளைஞ்சது அப்படியே நின்னா மென்மை, பொடிஞ்சா துவைச்சல் அதிகம். குத்துவிளக்குத் தண்டுல வச்சுப் பாக்காதீங்க, நான் பாத்து வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஸ்டெயின்லெஸ்ஸா சாதா கார்பனா? எங்க ஊருல இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, சுவத்துலயே பூஞ்சை புடிக்கிற இடம். குளச்சல், முட்டம் பக்கம் உப்புத்தண்ணியில நிக்கிறவங்க பேசாம ஸ்டெயின்லெஸ் வாங்கிக்கோங்க. வீட்டுலயும் தோட்டத்துலயும் அன்னன்னைக்குத் தொடச்சு வைக்கிற பழக்கம் உண்டுன்னா கார்பன்தான் எனக்குப் புடிக்கும், கூர் சீக்கிரம் ஏறும். ஏத்தங்காய் நாலு வெட்டுனா அலகு கரு நீலமா மாறும், பயப்படாதீங்க, கறைதான், துருவுக்கு அது ஒரு தடுப்பு. செம்பழுப்பாப் பொடிப் பொடியா வந்தா அதுதான் துரு. சக்கை வெட்டப் போறதுக்கு முன்னால அலகுலயும் கையிலயும் தேங்காண்ணெய் தடவிக்கணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

பிடி. இங்கதான் எனக்க கதை. ஏழெட்டு வருசத்துக்கு முன்னால ஒரு "சர்வைவல்" கத்தி வாங்குனேன், பிடி உள்ள பொள்ளல், அதுக்குள்ள தூண்டில் முள்ளு, தீக்குச்சி, மூடியில காம்பஸ் வேற. வடக்குன்னு அது காட்டுன திசையில திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுதான் இருக்கும், அதக் கூட மன்னிச்சிருவேன். அயனிக் கொப்பு ஒண்ண நாலு கொத்து கொத்துனேன், அஞ்சாவது கொத்துல பிடி எனக்க கையில, அலகு பக்கத்து வீட்டு வேலியில. அங்க நின்னது ஒரு கோழி, ஆளு நின்னிருந்தா? எடுத்துப் பாத்தா அலகுலேருந்து பிடிக்குள்ள போன இரும்பு ஒரு விரல் கட்டை நீளம் கூட இல்ல, ஒரு நட்டு போட்டு முறுக்கிருக்கான். வித்தவன் கிட்டக் கேட்டதுக்கு மரம் வெட்ட யாரு சொன்னான்னு பதில். அன்னையோட பிடிக்குள்ள இரும்பு எவ்வளவு தூரம் போகுதுன்னு தெரியாம மடங்காத கத்தி வாங்குறதில்ல.

பிடியோட முழு அகலத்துக்கும் இரும்பு போயி ரெண்டு பக்கமும் மரச்சில்லு வச்சு ஆணி அடிச்சிருந்தா பக்கவாட்டுலயே தெரியும், அது முழு நீளம், அதான் உறுதி. நம்ம வெட்டுக்கத்தி மாதிரி வால் மெலிசா உள்ள போயி வாயில பூண் போட்டதும் நல்லதுதான், வால் கடைசி வரைக்கும் போயி மடக்கி அடிச்சிருக்கணும் அவ்வளவுதான், மோராவுலயும் வால் மெலிசுதான். மரச்சில்லுக்கும் இரும்புக்கும் நடுவுல நகம் நுழையிற இடைவெளி இருந்தா வேண்டாம், தண்ணி அங்க தங்கி உள்ளுக்குள்ளயே துரு தின்னும், வெளிய தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

பிடிய எப்படிப் பாக்கணும்னா, நாலு விரலும் அடங்கணும், அப்புறம் இறுக்கிப் புடிச்சு கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்து கையப் பிரிச்சுப் பாருங்க, உள்ளங்கையில ஏதாவது ஒரு இடத்துல மட்டும் செவந்து குழி விழுந்திருந்தா அந்த முனை பத்து நிமிச வேலையில கொப்புளமாயிரும். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டுன பிடி படத்துல அழகு, உங்க விரல் அந்தப் பள்ளத்துக்கு அளவெடுத்துப் பொறந்தாத்தான் உண்டு, வேண்டாம்னுதான் சொல்லுவேன். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணிக் கையால புடிச்சுப் பாருங்க, மீன் வெட்டும்போது கை அப்படித்தான் இருக்கும். ஜி10, மைகார்ட்டா ரெண்டும் துணிய பசையில ஊறவச்சு அழுத்துனது (ஜி10ல கண்ணாடி இழைத் துணி), ஈரத்துக்கு அசையாது. மரம் புடிக்கும்னா ஈட்டி, புளி, பலா எதுவானாலும் நல்லா உலந்ததா இருக்கணும். மான்கொம்புப் பிடின்னு யாராவது காட்டுனா கையால கூடத் தொடாதீங்க, காட்டுல தானா உதிர்ந்த கொம்புன்னு சொல்லுவான், உதிர்ந்ததானாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி வாங்குறது விக்கிறது குற்றம், எங்க பக்கம் காடு ஓரம்ங்கிறதால இந்தப் பேச்சு அப்பப்ப காதுல விழும்.

மடக்குக் கத்தின்னா கூட ஒரு கவலை, அது விரல் மேல மடங்கக் கூடாது. விக்டோரினாக்ஸ் சின்ன அலகு மாதிரி பூட்டே இல்லாம ஸ்ப்ரிங் அழுத்தத்துல மட்டும் நிக்கிறது ஒரு வகை, பழம் சீவப் போதும், குத்துற வேலைக்கு எடுக்காதீங்க. முதுகுல அமுக்குனா மடங்குறது, உள்ள ஒரு தகடு நகர்ந்து வந்து தாங்குறது, ஓப்பினெல் மாதிரி வளையத்தத் திருப்பிப் பூட்டுறதுன்னு (1955லேருந்து உள்ள ஏற்பாடு, அத விடச் சிம்பிளா நான் பாத்ததில்ல) பல தினுசு. விரிச்சு வச்சு அலகு நுனியப் புடிச்சு மேல கீழ ஆட்டுங்க, அசைவு இருக்கவே கூடாது. பக்கவாட்டுல லேசா ஆடுனா அச்சுத் திருகக் கொஞ்சம் முறுக்கினா சரியாவும். தகடு பூட்டுன்னா அந்தத் தகடு அலகோட அடியில கால்வாசியாவது ஏறி நிக்கணும், நுனியில மட்டும் தொட்டுட்டு நின்னா ஒரு நாள் வழுக்கும். அப்புறம் முதுகுப் பக்கத்த ஒரு கட்டையில லேசா ரெண்டு தட்டு தட்டுங்க, விரல் எதுவும் அலகு மடங்குற வழியில இல்லாம பாத்துக்கிட்டு. மடிச்சு வச்சா அலகு நடுவுல நிக்கணும், ஒரு பக்கம் உரசுச்சுன்னா ஒவ்வொரு தடவையும் கூர அதுவே தின்னும்.

உறையத் தலைகீழாப் புடிச்சுக் குலுக்குங்க, கத்தி விழக்கூடாது, அவ்வளவுதான். தோல் உறை பாக்க அழகு, ஆனா மழைக்காலத்துல கார்பன் கத்திய அதுல சொருகி வச்சா உறையே துருவ உண்டாக்கும், கொண்டு போகும்போது மட்டும் உறை, வீட்டுல வெளிய வைங்க.

சட்டத்தையும் ஒரு வாய் சொல்லிர்றேன். 1959 ஆயுதச் சட்டத்துக்குக் கீழ உள்ள விதிப்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தா ஆயுதக் கணக்கு, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும்னு செஞ்சது அதுல வராது. அதுக்காக வெட்டுக்கத்திய பைக்ல வெறுமனே சொருகிட்டு செக்போஸ்ட்ல போயி விதி பேசாதீங்க, சாக்குல சுத்தி மண்வெட்டி கூடக் கட்டி வைங்க. பட்டன் தட்டுனா பாயிற கத்தி வேண்டவே வேண்டாம். பிளேன்ல போறவங்க, ரெண்டு அங்குலக் கத்தின்னாலும் கைப்பையில விடமாட்டான், செக்இன் பெட்டியில போடுங்க.

கத்தி வீட்டுக்கு வந்ததும், மேல தடவிருக்கிற கம்பெனி எண்ணெய்ய சோப்பு போட்டுக் கழுவித் தொடச்சிட்டு, அலகுக்குத் தேங்காண்ணெய் ஒரு விரல் தடவல், மடக்குக் கத்தின்னா அச்சுல மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அங்க தேங்காண்ணெய் விட்டா மார்கழிக் குளிருல உறைஞ்சு கத்தி திறக்காது, அத்தானுக்க 236 கிராம் கத்திக்கு இப்போ அந்தச் சீக்குதான்.